பேரலின் காற்றுத் துளையும் மரையும்: ஏர் ரைபிள் கோளாறை அறிகுறி பார்த்துச் சரிசெய்வது

ஆடிக் காற்று ஓய்ந்திராத ஒரு காலையில் குளச்சலிலிருந்து ஒருவர் துப்பாக்கிப் பெட்டியோடு நாகர்கோவிலில் துப்பாக்கி பழுதுபார்க்கும் என்னிடம் வந்து சேர்ந்தார். மகள் 10 மீட்டர் ஏர் ரைபிள் பழகுகிறாள். "அண்ணே, பத்து சுட்டா எட்டு நடுவுல விழுது, ரெண்டு எங்கயாம் ஓடிருது. கோச் அவளத்தான் ஏசுகாரு. புள்ள வீட்டுல வந்து அழுகா" என்றார். அவர் பெட்டியைத் திறக்கும் முன்பே நான் கேட்டது துப்பாக்கியை அல்ல, அவள் சுடும் பெல்லட் (சின்ன ஈயக் குண்டு) டப்பாவை. அதிலிருந்து ஒரு பெல்லட்டைப் பேரலுக்குள், அதாவது துப்பாக்கிக் குழலுக்குள், மெல்லத் தள்ளி மறுமுனையில் எடுத்து லென்ஸில் பார்த்தால், கோளாறு பேரலில் இருக்கிறதா இல்லையா என்பது பாதி தெரிந்துவிடும். சுடுகிற பிள்ளையைக் குறை சொல்லுமுன் இந்த ஒரு சோதனையைச் செய்யுங்கள் என்று கேட்டுக்கொள்ளத்தான் இதை எழுதுகிறேன்.

இங்கே சொல்வதெல்லாம் சிலிண்டரில் காற்றடைத்துச் சுடும் 4.5 மி.மீ. ரைபிள்களைப் பற்றியது, அதிலும் பேரலின் பக்கவாட்டில் துளை போட்டு, அதன் வழியாகக் காற்றை உள்ளே விடும் போல்ட் வகையைப் பற்றியது (போல்ட் என்பது பெல்லட்டைப் பின்னாலிருந்து பேரலுக்குள் தள்ளும் குச்சி). காற்று நேர் பின்னாலிருந்து பெல்லட்டைத் தள்ளும் அமைப்பு என்றால் துளையைப் பற்றிய பகுதிகளை விட்டுவிட்டு மற்றதைப் படிக்கலாம்.

கை வைக்கும் முன்

பெல்லட் உள்ளே இல்லை என்று கண்ணால் பாருங்கள். சிலிண்டரைக் கழற்றுங்கள். கழற்றிய பிறகும் உள்ளே கொஞ்சம் காற்று தங்கியிருக்கும். பாதுகாப்பான பக்கம் நீட்டி இரண்டு மூன்று தடவை வெறுமனே சுட்டு அதைத் தீர்த்துவிடுங்கள். சிலிண்டரில் 200 பார் அழுத்தம் நிற்கிறது. கார் டயரில் இருப்பது 2 பாரைக் கொஞ்சம் தாண்டும், அவ்வளவுதான். காற்று இருக்கும்போது எந்தத் திருகையும் "ஒரு சுற்று மட்டும்" என்று தளர்த்தக் கூடாது.

துளை எங்கே இருக்கிறது, அது ஏன் முக்கியம்

தக்கலைப் பக்கம் எனக்குத் தெரிந்த ஒரு பெரியவர் இருக்கிறார். ராணுவத்தில் ஆயுதம் பழுதுபார்க்கும் பிரிவிலிருந்து ஓய்வு பெற்றவர். பல செமி ஆட்டோமேட்டிக் ரைபிள்களில் கேஸ் போர்ட் என்று பேரலில் ஒரு துளை உண்டு; குண்டு அதைத் தாண்டியதும் பின்னால் வரும் வெடிவாயுவில் ஒரு பங்கு அந்தத் துளை வழியாக வெளியேறி பிஸ்டனைத் தள்ளும், அதில்தான் அடுத்த குண்டு ஏறுகிறது. "மக்கா, அங்க ஓட்ட வழியா காத்து வெளிய போவுது, இங்க உள்ள வருது. ரெண்டுலயும் குண்டு அந்த ஓட்டயத் தாண்டித்தான் போவணும்" என்று அவர் சொன்னது என் வேலைக்கு நிறைய உதவியிருக்கிறது.

குண்டைச் சுழல வைக்கக் குழலின் உள்ளே திருகலாக வெட்டிய வரிகளைத்தான் மரை என்கிறோம். அந்த வகை ரைபிளில் துளை மரையின் மேட்டில் விழ வேண்டுமா பள்ளத்தில் விழ வேண்டுமா என்று துப்பாக்கி ஆர்வலர்கள் வெகுநேரம் பேசுவார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். 7.62 மி.மீ. குழலின் உட்சுற்றளவு ஏறக்குறைய 24 மி.மீ. அதில் 6 பள்ளம் இருந்தால் ஒரு மேடும் ஒரு பள்ளமும் சேர்ந்து 4 மி.மீ. இடம் எடுக்கும். 2 மி.மீ. துளை அதில் மேட்டிலும் விழலாம், பள்ளத்திலும் விழலாம், விளிம்பில் பாதியாகவும் நிற்கலாம். பேரலைத் திருகி இறுக்கும்போது அது எங்கே வந்து நிற்கிறதோ, துளை எந்தத் திசையைப் பார்க்க வேண்டுமோ, அதை வைத்துத்தான் துளை அமைகிறது. மேடு பள்ளம் அங்கே பெரும்பாலும் தற்செயல். துப்பாக்கி எப்படி இயங்கும் என்பதை முடிவு செய்வது வேறு: துளை பேரலின் நீளத்தில் எவ்வளவு தள்ளி இருக்கிறது, அதன் விட்டம் எவ்வளவு, அதன் உள்விளிம்பு எவ்வளவு சுத்தமாக இருக்கிறது.

நம் ஏர் ரைபிளில் மேடா பள்ளமா என்ற கேள்விக்கே இடமில்லை. 4.5 மி.மீ. குழலின் சுற்றளவு 14 மி.மீ. சொச்சம். போட்டிப் பேரல்களில் 12 பள்ளம் வைப்பது வழக்கம். ஒரு மேடு ஒரு பள்ளம் சேர்ந்து 1.2 மி.மீ. கூட வராது. காற்றுத் துளையின் அகலம் 3 மி.மீ. என்றால் அது இரண்டு மூன்று வரியை ஒரேயடியாக விழுங்கிவிடும். ஆகவே நல்ல தயாரிப்பாளர்கள் துளையை மரை தொடங்கும் இடத்துக்குப் பின்னால், மழமழப்பான பகுதியில் வைக்கிறார்கள். பெல்லட் துளையைத் தாண்டி முன்னே போய் மரையின் வாயில் உட்கார வேண்டும். துளை மரைக்குள்ளேயே ஏறி நின்றாலோ, மழமழப்பான பகுதியிலேயே பிசிறு இருந்தாலோ, ஒவ்வொரு பெல்லட்டும் அந்தக் கத்திமுனையை உரசிக்கொண்டுதான் போகும்.

வெடிமருந்து ரைபிளில் சூடான வாயு காலப்போக்கில் துளையின் விளிம்பை அரித்துவிடும். ஏர் ரைபிளில் வருவது குளிர்ந்த காற்று, அரிப்பு கிடையாது. நமக்கு எதிரி இரண்டே: துளை போட்டபோது விட்டுப்போன பிசிறு, நம் ஊர்க் கடற்காற்று.

அறிகுறி: எட்டு நடுவில், இரண்டு வெளியே

இதுதான் எனக்கு அதிகம் வரும் புகார். எல்லாக் குண்டும் சிதறினால் காரணம் வேறு. பெரும்பாலானவை ஒன்றாக விழுந்து, ஒன்றிரண்டு மட்டும் திசைக்கு ஒன்றாக ஓடினால் பெல்லட்டின் பின்விளிம்பைச் சந்தேகப்படுங்கள். ஸ்கர்ட் என்று சொல்கிறோமே, உள்ளே குழிந்து தாள் போல மெலிந்திருக்கும் அந்தப் பாகம். காற்று அதை விரித்துத்தான் மரையோடு ஒட்ட வைக்கிறது. ஒரு பக்கம் கிழிசல் இருந்தால் பேரலின் வாயை விட்டு வெளியேறும் கணத்தில் காற்று அந்தப் பக்கமாக முந்திக்கொண்டு பீச்சும். பெல்லட் தலை சாயும். 10 மீட்டர் இலக்குக் கார்டில் 10-க்கான புள்ளியின் விட்டம் அரை மில்லிமீட்டர்தான். அங்கே அந்தச் சாய்வு மறைக்க முடியாதபடி தெரியும்.

முதலில் எளிதானவற்றைக் கழித்துவிடுங்கள். குறி பார்க்கும் சைட்டின் திருகுகள், கட்டையோடு பேரல் இணையும் திருகுகள் இறுகியிருக்கின்றனவா. வேறு டப்பா பெல்லட் போட்டுப் பாருங்கள், 4.49, 4.50, 4.51 என்று தலை விட்டத்தில் வேறுபாடு உண்டு, ஒவ்வொரு பேரலுக்கும் ஒன்று பிடிக்கும். துப்பாக்கியைக் கையில் பிடிக்காமல் மணல் மூட்டை மேல் வைத்துச் சுடுங்கள். அப்படியும் இரண்டு ஓடினால் அடுத்த படிக்குப் போங்கள்.

புதிய பெல்லட் ஒன்றை எடுத்து, ஸ்கர்ட்டின் உள்பக்கத்தில் மார்க்கர் பேனாவால் ஒரு புள்ளி வையுங்கள். அந்தப் புள்ளி காற்றுத் துளை இருக்கும் பக்கம் பார்த்திருக்கும்படி பேரலில் வைத்து, மழமழப்பான மரக்குச்சியால் பின்னாலிருந்து மெதுவாகத் தள்ளுங்கள். பேரலின் வாயருகே மடித்த துணி விரித்துப் பிடித்துக்கொள்ளுங்கள், கீழே விழுந்து நசுங்கினால் சோதனை வீண். பேரலுக்குள் பெல்லட் சுழன்றுகொண்டே வரும், 450 மி.மீ.க்கு ஒரு சுற்று என்ற மரையில் 420 மி.மீ. பேரலைக் கடக்கும்போது கிட்டத்தட்ட ஒரு முழுச் சுற்றுப் போட்டிருக்கும். அதனால்தான் புள்ளி. எங்கே சுற்றினாலும் புள்ளி கூடவே வரும்.

இப்போது நகைக்கடைக்காரர்கள் கண்ணில் இடுக்கிக்கொள்ளும் 10 மடங்கு லென்ஸை வைத்துப் பாருங்கள். தலையிலும் ஸ்கர்ட்டிலும் சீரான 12 மெல்லிய கோடுகள், நூல் பிடித்தது போல் சற்றுச் சாய்ந்து தெரியும். அது சரியான தடம். குளச்சல் பெண்ணின் துப்பாக்கியிலிருந்து வந்த பெல்லட்டில் கோடுகள் 12-ம் இருந்தன. கூடவே புள்ளிக்கு நேரே, கோடுகளின் சாய்வுக்குக் கட்டுப்படாமல், நேராக ஒரு பிறாண்டல். அதன் முடிவில் ஈயம் ஒரு சின்னச் சுருளாகச் சுருண்டு ஒட்டிக்கொண்டிருந்தது. நேர்க்கோடு என்றால் பெல்லட் சுழலத் தொடங்குமுன் பட்ட காயம். புள்ளிக்கு நேர் என்றால் துளை தந்த காயம். மூன்று பெல்லட் தள்ளினோம், மூன்றிலும் அதே இடம். அப்பாவிடம் லென்ஸைக் கொடுத்தேன். நெடுநேரம் பார்த்துக்கொண்டே இருந்தார்.

இதே பிறாண்டல் புள்ளியை விட்டு விலகி வேறிடத்தில், கோடுகளோடு சேர்ந்தே சாய்ந்து போனால் மரைக்குள் எங்கோ துருப்புள்ளி இருக்கிறது. அதுவும் இல்லை, பெல்லட் சுத்தமாக வருகிறது, ஆனாலும் சிதறுகிறது என்றால் பேரலின் வாய் விளிம்பைப் பாருங்கள். காது குடையும் பஞ்சுக்குச்சியை வாயின் உள்விளிம்பைச் சுற்றி இழுத்துக்கொண்டு வாருங்கள். பஞ்சு நார் சிக்கும் இடத்தில் அடிபட்டிருக்கிறது.

அதே பஞ்சுக்குச்சிதான் காற்றுத் துளைக்கும். பேரலைக் கழற்றிய பின், துளையின் உள்பக்க விளிம்பில் சுழற்றுங்கள். நார் மாட்டினால் பிசிறு இருக்கிறது.

எடுப்பது எப்படி? டிரில் வேண்டாம், அரம் வேண்டாம், உப்புத்தாள்கூட வேண்டாம். நான் செய்வது: ஒரு மெல்லிய மூங்கில் குச்சியின் முனையில் பஞ்சைச் சுற்றி, பித்தளை விளக்குத் துலக்கும் மெட்டல் பாலிஷில் தொட்டு, துளையின் விளிம்பை மட்டும் விரல் நுனியால் சுழற்றுவது. குச்சி கிடைக்காவிட்டால் தடித்த ஈர்க்கில் போதும், நம் ஊரில் அதற்கா பஞ்சம். 20 சுற்று, துடைப்பு, பஞ்சுக்குச்சிச் சோதனை, பெல்லட் சோதனை. மறுபடி 20 சுற்று. குளச்சல் பேரலுக்கு இது ஒரு மத்தியானம் முழுக்கப் பிடித்தது. பொறுமை இழந்து துளையைப் பெரிதாக்கிவிட்டால் திரும்ப மூட முடியாது. அதோடு காற்று அதிகம் பாய்ந்து வேகம் ஏறும். 10 மீட்டருக்கு 0.53 கிராம் பெல்லட் விநாடிக்கு 170 மீட்டரில் போனால் போதும், அது 7.7 ஜூல். நம் நாட்டு விதிகளில் 4.5 மி.மீ.யைத் தாண்டிய குழல் விட்டமோ 20 ஜூலைத் தாண்டிய சக்தியோ உள்ள ஏர் ரைபிளுக்கு உரிமம் தேவை. சக்தியைக் கூட்டும் ஆசையில் இந்தத் துளையில் கை வைக்கிறவர்களுக்கு நான் வேலை செய்து தருவதில்லை.

பிசிறு இல்லை, துளையே மரைக்குள் ஏறி நிற்கிறது என்றால் அது தயாரிப்புக் குறை. பேரலை மாற்றுவதுதான் வழி.

அறிகுறி: குரூப் (குண்டுகள் ஒன்றாக விழும் கூட்டம்) நன்றாக இருக்கிறது, ஆனால் மொத்தமாகக் கீழே இறங்கிவிட்டது

வேகம் குறைந்திருக்கிறது. 170-லிருந்து 150-க்கு இறங்கினால் 10 மீட்டரில் பெல்லட் சுமார் 5 மி.மீ. கூடுதலாகத் தாழும். கார்டில் அது இரண்டு வளையம். சைட்டைத் திருகிச் சரிசெய்துவிடலாம்தான், ஆனால் நோய் உள்ளேயே இருக்கும்.

டிஷ்யூ தாளை மெல்லிய நாடாவாகக் கிழித்து, பேரலும் பின்கட்டையும் சேரும் இடுக்கின் மேல் போட்டுவிட்டுச் சுடுங்கள். தாள் துள்ளினால் அங்கே காற்று கசிகிறது. காற்றுத் துளைக்கும் வால்வுக்கும் நடுவில் உள்ள ஓ-ரிங் (காற்றை அடைக்கும் ரப்பர் வளையம்) தட்டையாகியிருக்கும், அல்லது போல்ட் குச்சியின் ஓ-ரிங் வெட்டுப்பட்டிருக்கும். இரண்டும் சில ரூபாய்ச் சாமான். போல்ட்டின் ஓ-ரிங் அடிக்கடி வெட்டுப்பட்டால் திரும்ப மேலே போய்ப் படியுங்கள். பெல்லட்டைப் பிறாண்டும் அதே பிசிறு ரப்பரையும் அறுக்கும்.

தாள் அசையவில்லை என்றால், இதற்கு முன் யாராவது பேரலைக் கழற்றி மாட்டினார்களா என்று கேளுங்கள். பேரல் கொஞ்சம் திரும்பி உட்கார்ந்தால் அதன் துளையும் வால்விலிருந்து வரும் துளையும் நேருக்கு நேர் நிற்காது. பிறை நிலா மாதிரி ஒரு கீற்று மட்டும் திறந்திருக்கும். பக்கத் திருகுகள் பேரலில் உள்ள குழிகளில் சரியாக இறங்க வேண்டும். இறுக்குமுன் துளைக்குள் டார்ச் அடித்து முழு வட்டம் தெரிகிறதா என்று பாருங்கள்.

அறிகுறி: வேகம் குண்டுக்குக் குண்டு மாறுகிறது

குண்டின் வேகத்தை அளக்கும் குரோனோகிராப் இருந்தால் 10 குண்டு சுட்டு எழுதிக்கொள்ளுங்கள். துப்பாக்கி சும்மா இருந்துவிட்டு எடுத்ததும் முதல் குண்டு மட்டும் வேறு வேகம் காட்டி, பிறகு சரியாகிவிட்டால் ரெகுலேட்டர் (சிலிண்டர் காற்றின் அழுத்தத்தைக் குறைத்துச் சீராக விடும் பாகம்) மெல்லக் கசிந்து அழுத்தத்தை ஏற்றுகிறது. அதை வீட்டில் பிரிக்காதீர்கள்.

ஒழுங்கே இல்லாமல் ஏறி இறங்கினால் பெல்லட் எங்கே உட்காருகிறது என்று பாருங்கள். போல்ட் குச்சி பெல்லட்டைத் துளையின் முன்விளிம்புக்கு அப்பால் தள்ளிவிட வேண்டும். ஸ்கர்ட் துளையின் மேலேயே பாதி நின்றுவிட்டால் காற்று பின்னாலிருந்து தள்ளாமல் விலாவில் குத்தும். அளப்பது சுலபம்: பெல்லட் போடாமல் போல்ட்டை மூடி, வாய் வழியாக மரக்குச்சியை விட்டு, போல்ட் முனையில் முட்டியதும் குச்சியில் பேரல் வாய்க்கு நேரே கோடு போடுங்கள். பெல்லட்டின் பின்விளிம்பு நிற்கப் போவது அங்கேதான். பிறகு போல்ட்டைத் திறந்து, நுனி வளைத்த மெல்லிய கம்பியை வாய் வழியாக விட்டு, துளையின் முன்விளிம்பு கொக்கியில் மாட்டும் தூரத்தை அதே மாதிரி குறித்துக்கொள்ளுங்கள். முட்டிய தூரம் குறைவாகவும் துளையின் தூரம் கூடுதலாகவும் இருக்க வேண்டும். தலைகீழாக இருந்தால் குச்சி குட்டை, அல்லது போல்ட் கைப்பிடி முழுதாக இறங்கவில்லை. சின்னப் பிள்ளைகள் அவசரத்தில் அரைகுறையாக மூடுவதையும் பார்த்திருக்கிறேன். பக்கத்தில் நின்று ஒரு பத்துக் குண்டு கவனித்தாலே தெரிந்துவிடும்.

அறிகுறி: காற்றடைக்கும்போது பேரல் வாய் வழியே சீறுகிறது

சிலிண்டர் துப்பாக்கியோடேயே இருந்து அது முழுக்கக் காலியாகியிருந்தால் முதலில் காக் செய்துவிட்டு, அதாவது சுடத் தயாராக உள்ளே உள்ள சுத்தியலைப் பின்னுக்கு இழுத்து வைத்துவிட்டு, அடையுங்கள். அப்படி இழுக்காவிட்டால் சுத்தியல் வால்வை அழுத்திக்கொண்டிருக்கும், அதுதான் காரணம். அதன் பிறகும் சீறினால் வால்வின் இருக்கையில் தூசியோ ஈரமோ.

அறிகுறி: துளையைச் சுற்றி வெள்ளைப் பொடி, பழுப்புக் கறை

முட்டம், மணக்குடி, குளச்சல், கன்னியாகுமரிப் பக்கத்துத் துப்பாக்கிகளுக்கும் குலசேகரம், திருவட்டாறு பக்கத்துத் துப்பாக்கிகளுக்கும் உள்ள வித்தியாசம் இங்கே தெரியும். கடற்கரை வீடுகளில் உப்பு, மலையோரத்தில் ஈரம். நம் மாவட்டத்துக்கு இரண்டு பருவமழையும் உண்டு, ஜூனில் தொடங்கி நவம்பர் வரை காற்றில் ஈரம் குறையவே குறையாது. அந்தக் காற்றைக் கைப் பம்பில் 200 பாருக்கு அழுத்தினால் அதிலுள்ள நீர் பிழிந்தாற்போல் வெளியே வரும். பம்பின் வடிகட்டி கொஞ்சம் பிடிக்கும், மிச்சம் சிலிண்டருக்குள் போகும். சுடும்போது அது வால்வு வழியாகத் துளைக்கு வந்து தங்கி, அலுமினியத்தை வெள்ளைப் பொடியாகவும் இரும்பைப் பழுப்பாகவும் தின்னும். துளையின் உள்விளிம்பில் ஒரு துருப்பொட்டு போதும், பிசிறு செய்யும் வேலையை அது செய்துவிடும்.

மழை பெய்யும்போது பம்ப் அடிக்காதீர்கள். வெயில் ஏறிய உலர்ந்த நேரத்தில், ஓட்டுக்கூரை வீடானால் நடு அறையில் அடியுங்கள். சில நிமிடத்துக்கு ஒருமுறை நிறுத்தி, ப்ளீட் திருகைத் திறந்து ஈரத்தைத் துப்ப விடுங்கள். பம்ப் சூடாகிவிட்டால் ஆறும்வரை காத்திருங்கள். பெட்டிக்குள் சிலிக்கா ஜெல் பை வையுங்கள், நிறம் மாறியதும் மாற்றுங்கள். ஸ்பாஞ்சு ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும் என்பதால் பயிற்சி முடிந்து வந்ததும் பெட்டியை ஒரு மணி நேரம் திறந்து போடுவது நல்லது.

எண்ணெயைப் பற்றி இரண்டு வார்த்தை கடுமையாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. துரு என்றதும் கை தேங்காய் எண்ணெய்க்குத்தான் போகும். பேரலின் வெளிப்பக்கத்தில்கூட அது நாளடைவில் பிசுபிசுத்துப் பிசினாகும். உள்ளே, அழுத்தம் நிற்கும் எந்த இடத்திலும், தேங்காய் எண்ணெயோ மெஷின் எண்ணெயோ சாதாரண கிரீஸோ படவே கூடாது. அழுத்தம் சட்டென்று ஏறும்போது எண்ணெய் ஆவி தீப்பிடித்து வெடிக்கும். ஓ-ரிங்குகளுக்குச் சிலிகான் கிரீஸ், அதுவும் தொட்டும் தொடாமலும். காற்றுக்குப் பதில் ஆக்சிஜன் சிலிண்டரிலிருந்து அடைக்கலாமா என்று என்னிடம் கேட்டவர்கள் உண்டு. கூடவே கூடாது, உயிர் போகும்.

உப்புக்காற்றில் பெல்லட்டும் வெளுத்துப் பூக்கும். அந்த வெள்ளைப் பொடி ஈயத்துடையது, நஞ்சு. பூத்த பெல்லட்டைத் தூக்கிப்போட்டுவிடுங்கள், நல்லதையும் வாயில் வைத்துக்கொள்ளும் பழக்கம் பிள்ளைகளுக்கு வேண்டாம், பயிற்சி முடிந்து சோப்புப் போட்டுக் கை கழுவிய பிறகுதான் வாழைப்பழம்.

அறிகுறி: சில நூறு குண்டுகளில் குரூப் மெல்ல விரிகிறது

ஈயம் படிந்திருக்கிறது. பெரும்பாலும் துளைக்குச் சற்று முன்னால், மரை தொடங்கும் இடத்தில். நூலில் கட்டிய துணியைப் பின்னாலிருந்து வாய்ப்பக்கமாக இழுங்கள், ஒரே திசையில். பித்தளைப் பிரஷ் வேண்டாம். துணி ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில் தடுக்கி, நார் விட்டுப் போனால் அந்த இடத்தை அளந்து பாருங்கள்; துளையாக இருந்தால் பிசிறு, இரண்டாவது சோதனை தேவையில்லை. துளைக்குள் நார் தங்கிவிடாமல் டார்ச் அடித்துப் பார்த்த பிறகு, முதல் நாலைந்து குண்டைக் கணக்கில் சேர்க்காமல் சுடுங்கள்.

குளச்சல் பெண்ணின் ரைபிளை மணல் மூட்டையில் வைத்துச் சுட்டபோது 10-ம் ஒன்றாக விழுந்தன. கார்டின் பின்பக்கம் தேதி எழுதி அப்பாவிடம் கொடுத்தேன், கோச்சிடம் காட்டட்டும் என்று. பெட்டியை மூடும்போது சிலிண்டரின் கழுத்தில் அடித்திருந்த தயாரிப்புத் தேதியைப் பார்த்தேன். போட்டி ரைபிள் சிலிண்டர்களுக்குத் தயாரிப்பாளர்கள் பொதுவாகக் கொடுக்கும் ஆயுள் 10 ஆண்டு; இதற்கு இன்னும் ஓராண்டுதான் பாக்கி இருந்தது. அதையும் அட்டையில் எழுதிப் பெட்டிக்குள் ஒட்டிவிட்டேன்.